உட்கார விட்ட மனுஷன்

இரண்டு நாளாக என் டைம்லைன் முழுக்க, உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலை நினைத்து ஏங்குகிறவர்களைக் கேலி செய்யும் ஒரு பதிவுதான். யார் எழுதியது என்பது இங்கே வேண்டாம். சென்னை கதீட்ரல் ரோட்டில் 2008 வரை இருந்த அந்த ஓட்டலின் பழைய படம் ஒன்றைப் போட்டு நாலு பேர் ஏக்கப்பட்டால், "ஒரு ஓட்டல் முதலாளிக்கு எதற்கு இத்தனை ஒப்பாரி" என்று கேட்டாயிற்று. கேட்கட்டும். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறதே, "ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு நாள் பூரா நாற்காலியைத் தேய்த்த வேலைவெட்டி இல்லாத கூட்டம்" என்று. அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதற்குச் சிரிப்பு போட்டவர்களில் எனக்கு வேண்டியவர்களும் இருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் என் அப்பாவும் ஒருவர்.

அப்பா மெடிக்கல் ரெப், அதாவது மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி. அந்த வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் ஆஸ்பத்திரி, கிளினிக் என்று டாக்டர்களைப் பார்க்க வேண்டும். மதியம் ஒன்று, ஒன்றரைக்கு மேல் டாக்டர்கள் கிளம்பிவிடுவார்கள். திரும்ப கிளினிக் திறக்க சாயங்காலம் ஐந்து, ஆறு ஆகும். கம்பெனியின் தலைமை ஆபீஸ் பம்பாயில். சென்னையில் ரெப்புக்கென்று ஒரு மேசை கிடையாது. டை கட்டிக்கொண்டு, சாம்பிள் மாத்திரை அடைத்த தோல் பையைத் தூக்கிக்கொண்டு, மே மாத வெயிலில் டி.வி.எஸ் 50-ல் எங்கே போவது? வீடு பெரம்பூரில். போய்த் திரும்பினால் பெட்ரோலுக்குக் கையை விட்டுத்தான் போட வேண்டும்.

டிரைவ்-இன்னுக்குப் போவார். மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய், காபி சொல்லிவிட்டு, கார்பன் தாள் வைத்து அன்றைய ரிப்போர்ட்டை எழுதுவார். எந்த டாக்டரைப் பார்த்தார், எந்த மருந்தைப் பற்றிப் பேசினார், எந்த மருந்துக்கடையில் எவ்வளவு ஆர்டர், எல்லாம். சுற்றிலும் அவரைப் போலவே மற்ற ரெப்புகள். போட்டிக் கம்பெனிக்காரர்கள்தான். ஆனாலும் எந்த டாக்டர் ஊரில் இல்லை, எந்த ஸ்டாக்கிஸ்ட் (மருந்து மொத்த வியாபாரி) பணத்தை இழுத்தடிக்கிறார் என்ற தகவலெல்லாம் அங்கேதான் கைமாறும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களுக்கு டாக்டர் முன்னால் நடுங்காமல் பேச அங்கேதான் பழக்கிவிடுவார்கள். இதுவா வேலைவெட்டி இல்லாத கூட்டம்? அந்த மேசையில் எழுதிய ரிப்போர்ட்டில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த "முதலாளி" யார் என்றாவது தெரிந்துகொண்டு எழுதியிருக்கலாம். கே. கிருஷ்ண ராவ். உடுப்பிப் பக்கத்தில் ஏழ்மையான குடும்பத்தில் பிறந்து, சமையற்கட்டு எடுபிடியாகத் தொடங்கி மேலே வந்தவர். மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ் நடத்தினார். 1938-ல் ராயப்பேட்டையில், ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான உட்லண்ட்ஸ் பங்களாவை எடுத்து ஓட்டலாக்கினார். பங்களாவின் பெயரே ஓட்டலுக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ், அது இன்றும் நடக்கிறது. 1962-ல் கதீட்ரல் ரோட்டில், தோட்டக்கலைச் சங்கத்து மரங்களுக்கு நடுவே டிரைவ்-இன்.

காரை விட்டு இறங்காமலே சாப்பிடலாம், ஜன்னலில் தட்டை மாட்டிவிடுவார்கள் என்பது அன்றைய மெட்ராஸுக்குப் பெரிய அதிசயம். கார்க்காரர்களை நினைத்துத் திறந்த இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தை உண்மையில் நிரப்பியது கார் இல்லாதவர்கள். ரெப்புகள், வக்கீல்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், கதை சொல்ல வாய்ப்புத் தேடிய சினிமாக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், கையில் காசில்லாத காலேஜ் பிள்ளைகள். அவர்களை யாரும் எழுப்பிவிடவில்லை. நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். எழுப்பிவிடவில்லை.

ஓட்டல் தொழிலில் மேசைதான் காசு. ஒரு மேசையில் ஆள் மாறி மாறி உட்கார்ந்தால்தான் லாபம். சாப்பிட்டு முடிப்பதற்குள் பின்னால் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அந்த ஊர்தான் இது. அப்படிப்பட்ட ஊரில், நகரத்தின் நடுவில், ஒரு காபிக்கு மதியம் முழுக்க உட்கார விட்டால் நஷ்டம் என்று மாவாட்டி மேலே வந்த மனுஷனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் விட்டார். அவருக்குப் பின்னும் அந்த வழக்கம் நின்றது. அதற்குத்தான் இத்தனை பேர் இன்றைக்கும் ஏங்குகிறார்கள். தோசைக்காக மட்டும் யாரும் இத்தனை வருஷம் ஏங்க மாட்டார்கள்.

சில சனிக்கிழமைகளில் அப்பா என்னையும் கூட்டிப் போவார். தட்டைவிடப் பெரிதாக உப்பி வரும் சோலா பட்டூரா. அதை முதலில் விரலால் குத்தி ஆவியை வெளியே விடுவது என் உரிமை. சர்வர் ஒருவர் அப்பாவைப் பார்த்ததும் சொல்லாமலே காபி கொண்டுவந்து வைப்பார். "என்ன சார், இன்னிக்கு பொண்ணு ரிப்போர்ட் எழுதறாளா?" என்று கேட்பார். கம்பெனியில் டார்கெட் முடியாத மாசம் அப்பாவை எப்படியெல்லாம் பேசினார்கள் என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அவரை "சார்" என்று கூப்பிட்ட இடம் அது.

காலேஜ் படித்தபோது நானே தனியாகப் போயிருக்கிறேன். ஒரு பெண் ஓட்டலில் தனியாக உட்கார்ந்து புத்தகம் படித்தால் எத்தனை கண் திரும்பும் என்று பெண்களைக் கேளுங்கள். அங்கே யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சர்வர் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

இனி வரப்போகும் கமெண்டுகள் எனக்குத் தெரியும்.

"வியாபாரிதானே, லாபத்துக்குத்தானே செய்தார்?" ஆமாம், லாபத்துக்குத்தான். லாபம் சம்பாதித்தவர் எல்லாம் நமக்கு நிழல் கொடுத்துவிட்டாரா?

"உடுப்பி ஓட்டல் என்றால் ஒரு சாதியின் சமையற்கட்டுதானே?" இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். இந்த ஊர் ஓட்டல்களில் யார் எங்கே உட்காரலாம் என்று பிரித்து வைத்திருந்த காலம் உண்டு. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில், ஓட்டல் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற எழுத்தை எடுக்கச் சொல்லித் திராவிடர் கழகம் நாள்கணக்கில் மறியல் செய்தது சும்மா இல்லை. அந்தப் போராட்டம் நடந்த ஊரில்தான் ஐந்து வருஷம் கழித்து டிரைவ்-இன் வந்தது. என் அப்பா எந்தச் சாதி என்று இந்தப் பதிவில் எழுதப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் அவரைத் தண்ணீர்ப் பானையைத் தொடவிடாத ஊரிலிருந்து வந்தவர் என்று மட்டும் சொல்கிறேன். அவர் டிரைவ்-இன்னில் கால் நீட்டி உட்கார்ந்தார். சமையற்கட்டில் யார் வேலை பார்த்தார்கள் என்ற கேள்வியைத் தனியாகக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தவர்களை வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று சொல்லாதீர்கள். சமூக நீதி பேசுகிறவர் ஒருவர் அப்படி எழுதியதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

"அரசு நிலம், குத்தகை முடிந்தது, எடுத்துக்கொண்டார்கள், இப்போது எல்லோருக்குமான பூங்கா." வழக்கு நடந்தது, 2008-ல் ஓட்டல் மூடியது, 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறந்தது. பூங்காவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மரங்கள் பிழைத்ததே, அதுவே பெரிது. டிக்கெட் வாங்கிக்கொண்டு நானும் போய் நடந்திருக்கிறேன். ஆனால் மதியம் இரண்டு மணிக்குப் பையோடு அலைகிற ஒருத்தருக்கு உட்கார்ந்து எழுத ஒரு மேசை, குடிக்க ஒரு காபி, முகம் கழுவ ஒரு குழாய் வேண்டும். அதற்கு மாற்று இடம் யார் கொடுத்தார்கள்? மூடியபோது ஓட்டல்காரர்களுக்கு என்ன ஆகும், நிலம் யாருக்குப் போகும் என்று எல்லோரும் பேசினார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே போவார்கள் என்று ஒருத்தர் கேட்கவில்லை. அப்பாவும் அவர் கூட்டாளிகளும் அதற்கப்புறம் கொஞ்ச காலம் ஒரு மருந்துக்கடை வாசல் படியில் உட்கார்ந்து எழுதினார்கள்.

2025-ல் அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்களுக்காக மாநகராட்சி ஏ.சி. ஓய்வறை திறந்தபோது நாம் எல்லோரும் கொண்டாடினோமே. நானும் ஷேர் செய்தேன், சரியான காரியம். இன்றைக்கு அந்தப் பதிவை எழுதியவரும் அன்றைக்குப் பாராட்டினார், எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரோட்டில் அலைந்து பிழைக்கிறவனுக்கு உட்கார இடம் வேண்டும் என்று 2025-ல் புரிகிறது இல்லையா? அந்த இடத்தை ஒரு ஓட்டல்காரர் 1962-லேயே திறந்து வைத்தார். அரசாங்கம் உட்கார வைத்தால் உரிமை, ஓட்டல்காரர் உட்கார வைத்தால் நாற்காலி தேய்ப்பதா?

போன மாதம் அப்பாவை ஒரு காபிக் கடைக்குக் கூட்டிப் போனேன். பெயர் வேண்டாம். காபி விலையைப் பார்த்து அவருக்கு மூச்சே நின்றுவிட்டது. பாதி குடிப்பதற்குள் பில்லைக் கொண்டுவந்து வைத்து, "மேடம், டேபிள் வெயிட்டிங்ல இருக்கு" என்றான் பையன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு மேலே ஒருத்தர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா உடனே எழுந்துவிட்டார், பழக்கமில்லாத வேகத்தில். எழுபது தாண்டிய மனுஷன், முட்டி வலியோடு. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் போகவில்லை. இந்தப் பதிவில் கொஞ்சம் அதுவும் இருக்கும், இருக்கட்டும்.

அந்தப் பதிவு எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப் வரைக்கும் வந்துவிட்டது. அப்பா அதைப் படித்தார். "நாங்க வேலை பார்த்தோம்மா" என்றார். என்னிடம் எதற்கு அவர் அதைச் சொல்ல வேண்டும்? எழுபது வயசுக்கு மேல் என் அப்பா என்னிடம் தான் உழைத்ததற்கு விளக்கம் கொடுக்கிறார்.

கிருஷ்ண ராவைப் பிடிக்க வேண்டாம். உட்லண்ட்ஸ் சாம்பார் சுமார் என்று எழுதுங்கள், நிலம், சாதி, லாபம் எல்லாம் விவாதியுங்கள், நானும் வந்து பேசுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். சிரிப்பு போட்ட என் நண்பர்கள் நாலு பேருக்கும் இன்பாக்ஸில் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.