அஞ்சு நிமிச வேலை

திருப்பூரில் இளம் டிசைனர்களுக்காக நடந்த அந்தக் கூட்டத்தைப் பற்றி ஏற்கெனவே பாதிப் பேர் எழுதிவிட்டீர்கள். வீடியோவும் எல்லார் போனிலும் சுற்றுகிறது. வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஊர்ப்பாசமே இல்லை, நாலு கோடு வரையத் தெரிஞ்சா பெங்களூருக்கு பஸ் ஏறிடறாங்க" என்று மேடையில் ஒரு பெரியவர் சொன்னதற்கு அரங்கமே கைதட்டியது பாருங்கள், அதில்தான் ராத்திரி தூக்கம் போனது.

ஊர்ப்பாசமாம்.

ஐயா, திருப்பூர் பிடிக்காமல் யாரும் போகவில்லை. வரைவதும் ஒரு வேலைதான் என்று இங்கே யாரும் ஒப்புக்கொள்வதில்லை, அதனால் போகிறார்கள். கட்டிங்குக்குக் காசு உண்டு. ஓவர்லாக், பேட்லாக், காஜா பட்டன், செக்கிங் எல்லாவற்றுக்கும் உண்டு. பிசிர் வெட்டக்கூட பீஸுக்கு இத்தனை பைசா என்று கணக்கு உண்டு. அந்த பனியனின் நெஞ்சில் என்ன படம் வரவேண்டும் என்று யோசிப்பவனுக்கு மட்டும், "அஞ்சு நிமிச வேலைதானுங் தம்பி, சும்மா போட்டுக் குடுங்க."

2021-இல் ஒரு கம்பெனிக்கு (பெயர் வேண்டாம், அவர்களும் இதைப் படிப்பார்கள்) ஒன்பது படங்கள் வரைந்தேன். எல்லாம் நம் ஊர் நஞ்சராயன் குளத்துப் பறவைகள். 2024-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு எல்லாரும் அங்கே போய் செல்ஃபி எடுக்கிறீர்கள். அன்றைக்கு விடிகாலையில் அங்கே நானும் நாலு எருமைகளும்தான். ஒன்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள், அந்த ஒன்றுக்கும் பேசியதில் பாதிதான் தந்தார்கள். சரி, போகட்டும் என்று விட்டேன்.

ஆறு மாதம் கழித்துக் காதர்பேட்டை பனியன் சந்தையில் ஒரு கடை வாசலில் என் மீன்கொத்தி தொங்குகிறது. வேண்டாம் என்று சொன்ன எட்டில் ஒன்று. விலை நூறு ரூபாய். அலகு சிவப்பாக இல்லை. இன்னொரு கலர் என்றால் அச்சடிக்க இன்னொரு ஸ்கிரீன் போட வேண்டுமே, அதை மிச்சம் பிடிக்க அலகையும் தலையின் பழுப்பிலேயே அடித்துவிட்டார்கள். திருடியதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. அந்த அலகு! ஒன்று வாங்கி வந்தேன். பேரம் பேசியிருந்தால் தொண்ணூறுக்குக் கொடுத்திருப்பார், வாய் வரவில்லை.

"கம்பெனிகள் இல்லாவிட்டால் நீ ஏது?" என்று கமென்ட் போட இந்நேரம் யாராவது தட்டச்சு செய்துகொண்டிருப்பார். உண்மைதான், நான் தின்று வளர்ந்ததும் பனியன் சோறுதான். ஆண்டுக்கு 30,000 கோடிக்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி யார் யோசித்த டிசைன்? துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் டெக் பேக்கில், அதாவது டிசைன் விவரத் தொகுப்பில், தையல் எங்கே, பட்டன் எங்கே என்பது வரை போட்டிருக்கும். மில்லிமீட்டர் பிசகாமல் தைத்துத் தருவோம். அதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 சதவீதம் ஆக்கியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அதே டெக் பேக்கை வேறு நாட்டுக்கு அனுப்ப பையருக்கு ஒரு மெயில் போதும். டிசைன் அவருடையது. மிஷினும் அதன் கடனும்தான் நம்முடையது.

"நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறதே?" இருக்கிறது. அங்கே டிசைன் படித்து வந்த என் நண்பர்கள் மெர்ச்சண்டைசர் (பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிப்பவர்) ஆகி, ஷிப்மென்ட் எப்போது என்ற மெயிலுக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

"தைக்கிறவர்களே கூலிக்குப் போராடும்போது உனக்குக் கலை கேட்கிறதா?" இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒன்றரை ஷிஃப்ட் முடித்து, டிபன் பாக்ஸோடு பஸ்ஸுக்கு நிற்கிற அக்காவிடம் போய் மீன்கொத்தி அலகைப் பற்றிப் பேச எனக்கும் கூச்சம்தான். ஆனால் ஒன்று கவனித்தேன்: இந்தக் கேள்வியை அந்த அக்கா கேட்டதே இல்லை. காரில் வருபவர்கள்தான் கேட்கிறார்கள்.

பசங்களை ஊரிலேயே நிறுத்த இப்போது தீர்வும் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடிக் கட்டடம், ஏசி, இலவச வைஃபை, உட்கார்ந்தால் எழ முடியாத பீன் பேக். பேஷ். ஷெட்டைப் போட்டு மிஷினை இறக்கினால் ஆள் தானாக வருவான் என்று பழகிய ஊர் அல்லவா!

என் அப்பா முப்பது வருடம் கட்டிங் மாஸ்டர். மேசையில் துணியை விரித்து, அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பி, கை வளைவுக்கும் கழுத்து வளைவுக்கும் இடையில் ஒரு பாக்கெட் துண்டை நுழைத்துவிடுவார். பிறகு சாக்பீஸால் ஒரே இழுப்பு. நூறு பீஸுக்கான துணியில் நூற்று மூன்று எடுத்தவர். அந்த மூன்றின் லாபம் யாருக்குப் போனது என்று அவர் கேட்டதில்லை. நான் கேட்டால், "ஏன் கண்ணு வம்பு" என்பார். "பையன் எந்தக் கம்பெனில இருக்கான்?" என்று சொந்தக்காரர்கள் விசாரித்தால், "கம்ப்யூட்டர் வேலைங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். படம் வரைகிறான் என்று இன்றுவரை அவர் வாயில் வந்ததில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் போட்ட கோட்டையே யாரும் மதிக்கவில்லை, என் கோட்டை அவர் எப்படி மதிப்பார்?

அப்புறம், மேடையில் பெரியவருக்குப் பின்னால் "இளம் படைப்பாளிகளே, வருக!" என்று ஒரு பேனர் இருந்ததே, வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதைப் போட்டுக் கொடுத்தது நான். முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு போன், அஞ்சு நிமிச வேலை என்றுதான் சொன்னார்கள். இன்று காலை பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்து நான்கு மணி நேரம் ஆகிறது.