வால் பக்கம் பாருங்கள்

(மும்பை, தாராவி. ஓர் இட்லிக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் மீன் தொட்டி. கடைக்காரர் திருநெல்வேலி அண்ணாச்சி. வந்திருப்பவர் கிராபோர்ட் மார்க்கெட்டில் வண்ண மீன் கடையில் வேலை பார்க்கும் தம்பி.)

அண்ணாச்சி: நம் ஏஞ்சல் மீனைப் பார் தம்பி. 3 வாரத்தில் தோசையாக இருந்தது அப்பளமாகிவிட்டது. நேருக்கு நேர் நின்றால் மீனே தெரியவில்லை.

தம்பி: ஏஞ்சல் எப்போதுமே தட்டைதான். ஆனால் வயிறு ஒட்டி, முதுகு கத்தி விளிம்பு போல இருக்கிறதே. இளைப்புதான்.

அண்ணாச்சி: கண்ணேறு! சில்லறை வாங்கும்வரை எல்லோரும் இதைத்தான் முறைக்கிறார்கள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். உப்பு மட்டும் ஒரு கை தொட்டியில் விழுந்துவிட்டது.

தம்பி: கடவுளே! இன்றே கொஞ்சம் தண்ணீரை மாற்றுங்கள். இரை எடுக்கிறதா?

அண்ணாச்சி: ஓடிவந்து கவ்வும், உடனே துப்பும். 30 வருடமாக இட்லி அவிக்கிறேன். ஒருவனும் என் முகத்துக்கு நேரே துப்பியதில்லை.

தம்பி: இட்லியா போடுகிறீர்கள்?

அண்ணாச்சி: (கல்லாவைத் துடைத்தபடி) ஓரம் மட்டும்.

தம்பி: நிறுத்துங்கள். மற்ற மீன்கள் விரட்டி இரையைப் பறிக்கின்றனவா?

அண்ணாச்சி: இதுதான் அவற்றை விரட்டும்.

தம்பி: அப்படியானால் கோளாறு குடலில் இருக்கலாம். வெளிக்கு எப்படிப் போகிறது?

அண்ணாச்சி: எங்கே போகும்? நாள் முழுக்கத் தொட்டிக்குள்தானே கிடக்கிறது.

தம்பி: மலத்தைக் கேட்கிறேன் அண்ணாச்சி! பின்துவாரத்தில் சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் காமலானஸ் புழு, அதற்கு லெவாமிசோல். வெள்ளையாகச் சளி நூல் தொங்கினால் பெரும்பாலும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மருந்து வேறு. வால் பக்கம் பாருங்கள்.

அண்ணாச்சி: காசநோயாக இருக்குமோ?

தம்பி: மீனுக்கும் அது உண்டு. முதுகு வளையும், புண் வரும், நம்பத் தகுந்த மருந்தும் இல்லை. கிருமி காயம் வழியாக மனிதர் தோலிலும் ஏறும். கையில் என்ன கட்டு?

அண்ணாச்சி: (தொட்டியிலிருந்து கையை வெடுக்கென எடுத்து) தோசைக்கல் சுட்டது.

(மறுநாள் மாலை, தொலைபேசியில்.)

அண்ணாச்சி: தம்பி, போய்விட்டது!

தம்பி: ஐயோ, மீனா?

அண்ணாச்சி: மீன் இருக்கிறது. வெளிக்குப் போய்விட்டது! காலையிலிருந்து தொட்டி முன் குந்தியிருந்தேன். அதற்குள் 3 பேர் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவிவிட்டார்கள்.

தம்பி: நிறம்?

அண்ணாச்சி: வெள்ளை. வெந்த சேமியா போல. இனி நான் பாயசம் தொடமாட்டேன்.

தம்பி: அப்படியானால் அந்த ஒட்டுண்ணிக்கான மருந்து, மெட்ரோனிடசோல்தான். தின்னும் மீனுக்குத் தீனியில் கலக்கலாம், இது துப்புகிறதே. தனித் தொட்டியில் விட்டு, 40 லிட்டர் தண்ணீருக்கு 250 மில்லிகிராம். காற்றுக்குழாய் ஓடட்டும். நான் வந்து கலந்து தருகிறேன்.

அண்ணாச்சி: போன மழைக்காலத்தில் எனக்கு வயிற்றுக்கடுப்பு வந்தபோது டாக்டர் கொடுத்த மாத்திரையா?

தம்பி: அதேதான்.

அண்ணாச்சி: பாவம் மீன்! வாயெல்லாம் தகரத்தை நக்கியது போல இருக்குமே. அந்த வாரம் என் இட்லியை நானே துப்பினேன்.