இனெஸை அவளுக்குரிய கதையில் வையுங்கள்

பதினான்காம் நூற்றாண்டுப் போர்ச்சுகல் மன்னன் பெட்ரோ, இறந்துபோன காதலி இனெஸின் உடலைத் தோண்டியெடுத்து அரியணையில் உட்காரவைத்து, பிரபுக்களை வரிசையாக வந்து அவள் கையை முத்தமிடச் செய்தான் என்று ஒரு கதை அடிக்கடி பகிரப்படுகிறது. 'காதல்னா இதுதான்' என்று கீழே எழுதுகிறார்கள். அப்படி நடந்ததற்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. இருநூறு ஆண்டுகள் கழித்து நாடக மேடையில் வளர்ந்த கதை அது. அந்தப் பிணத்தையே பார்த்துக்கொண்டிருந்து, உயிரோடு இருந்தவளை நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

இனெஸ் டி காஸ்ட்ரோ இன்றைய ஸ்பெயினின் வடமேற்கில் இருக்கும் கலீசியாவைச் சேர்ந்தவள். போர்ச்சுகலின் அண்டை நாடான காஸ்டீல் அரசில் பெரும் செல்வாக்குள்ள ஒரு பிரபுவுக்கு, திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள். 1340இல் இளவரசன் பெட்ரோவுக்கு மனைவியாக வந்த கான்ஸ்டன்சாவின் தோழியாகப் போர்ச்சுகலுக்கு வந்தாள். இளவரசன் மனம் தோழியின் பக்கம் போனது. அவன் தந்தையான மன்னர் அஃபோன்சோ 1344இல் அவளை நாட்டைவிட்டே அனுப்பினார். எல்லைக்கு அப்பால் ஆல்புகெர்கி கோட்டையில் இருந்தாள். கான்ஸ்டன்சா இறந்த பிறகு பெட்ரோ அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டான். நான்கு குழந்தைகள், ஒன்று சிறு வயதிலேயே இறந்துவிட்டது.

அனுப்பியவர் ஒரு மன்னர், அழைத்தவன் நாளைய மன்னன். இதில் அவள் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்?

அவளைக் கொன்றது அரசியல். அவளுடைய அண்ணன் தம்பிமார் பெட்ரோவைக் காஸ்டீலின் சண்டைகளுக்குள் இழுக்கிறார்கள் என்று அரசவை பயந்தது. கான்ஸ்டன்சா பெற்ற வாரிசு ஃபெர்னாண்டோவுக்கு இவள் பிள்ளைகளால் ஆபத்து வரும் என்ற பயம் வேறு. 1355 ஜனவரி 7, கோயம்ப்ரா நகரம். பெட்ரோ வேட்டைக்குப் போயிருந்தான். மன்னரின் ஆட்கள் அவள் தலையை வெட்டினார்கள். முப்பது வயதை ஒட்டியவள், பிள்ளைகளின் தாய். சகோதரர்களின் அரசியலுக்குத் தலையைக் கொடுத்தவள் அவள்தான்.

பெட்ரோ தந்தைக்கு எதிராகக் கிளம்பினான். சில மாதங்களில் சமாதானமாகி, கொலையாளிகளை மன்னிப்பதாகச் சத்தியமும் செய்தான். 1357இல் மன்னனானதும் அந்தச் சத்தியம் காற்றில் போனது. காஸ்டீலில் ஒளிந்திருந்த இருவரை, தன்னிடம் தஞ்சம் புகுந்தவர்களைக் கொடுத்து மாற்றாக வாங்கினான். ஒருவனுக்கு மார்பு வழியாகவும் இன்னொருவனுக்கு முதுகு வழியாகவும் இதயத்தைப் பிடுங்கச் சொன்னான். மூன்றாமவன் தப்பிவிட்டான். இதைக் காதலின் ஆழம் என்று என்னால் கொண்டாட முடியவில்லை. தஞ்சம் என்று வந்தவர்களின் உயிரைப் பேரம் பேசிய மன்னன் அவன். அதே 1357இல்தான் தெரேசா லொரென்சோ என்ற பெண்ணிடம் அவனுக்கு ஜுவான் என்ற மகனும் பிறந்தான்.

அப்புறம் 1360இல், இனெஸை முன்பே ரகசியமாக மணந்துவிட்டேன் என்று சத்தியம் செய்தான். எந்த நாள் என்று கேட்டால் நினைவில்லை என்றான்! அவள் பிள்ளைகளுக்கு உரிமை தரவேண்டிய அந்த வாக்குமூலம் அவர்களைக் காப்பாற்றவில்லை. 1385இல் வாரிசு பற்றிய விவாதம் வந்தபோது ஜுவான் தாஸ் ரெக்ராஸ் என்ற சட்ட அறிஞர் அந்தத் திருமணத்தை ஏற்க மறுத்து வாதாடினார். அரியணை தெரேசாவின் மகனுக்குப் போனது.

போர்ச்சுகலின் அல்கொபாசா மடாலயத்தில் பெட்ரோ, இனெஸ் இருவரின் கல்லறைகளும் உள்ளன. இனெஸ் கல்லில் கிரீடத்தோடு படுத்திருக்கிறாள். ஆறு தேவதூதர்கள் அவளைத் தாங்குகிறார்கள். அடியில் பாரம் சுமப்பவை மனித முகம் கொண்ட விலங்குகள். அவை கொலையாளிகளின் முகங்கள் என்பார்கள். வேலைப்பாடு அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் உயிரோடு இருந்தவரை யாரும் அவளுக்குச் சூட்டாத கிரீடம் அது.

அவளுடைய மகள் பியாட்ரிஸ் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன். அவள் காஸ்டீல் அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவள் மகள் லியோனோர் அரகான் நாட்டின் ராணியானாள். அந்த லியோனோரின் பேரன்தான், இஸபெல்லாவை மணந்து கொலம்பஸின் பயணத்துக்கு ஆதரவு தந்த ஃபெர்டினாண்ட்.