அழைப்பில்லாமல் கூடுகிற ஒரு நாள் வேண்டும்

எங்கள் சொந்தக்காரருக்குள் பேச்சு முறிந்த கதைகளைக் கிளறிப் பார்த்தால், முக்கால்வாசி ஒரு கலியாணவீட்டிலோ சாமத்தியவீட்டிலோ போய் நிற்கும். "வீட்டுக்கு வந்து சொல்லேல்லை." "போனிலதானே சொன்னவை." மூத்த மாமிக்குச் சொல்லி இளைய மாமிக்குச் சொல்லாமல் விட்டால் அந்தப் படலை வருசக்கணக்கில் திறக்காது. இப்போது வட்ஸ்அப் குழுவில் அழைப்புக் காட்டைப் படமெடுத்துப் போட்டுவிட்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு என்கிறோம். அது இன்னும் மோசம்.

வன்னியில் இதற்கு அடியில் காணிப் பிரச்சினையும் கிடக்கிறது. குடியேற்றத் திட்டங்களில் எங்கள் பெற்றோருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பெர்மிட் காணிகள், அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தவை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. ஐந்து பிள்ளைகள் இருந்தாலும், தங்களுக்குப் பிறகு காணி யாருக்கு என்ற பின்னுரித்துக்கு வழக்கமாக ஒரு பெயர்தான் எழுதுவார்கள். எழுதாமலே கண்ணை மூடினால், 2022 இல் சட்டத்தைத் திருத்தும்வரை மகளுக்கு முன்னால் மகன்தான். 2009 இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்தது வேறு. கூடப்பிறந்தவர்கள் பிரதேச செயலகத்தில் ஒரே வாங்கில் இருந்துவிட்டு, முகம் பாராமல் எழும்பிப் போவதைக் கண்டிருக்கிறேன். இவர்களை மண்டபத்துக்கு அழைத்தால் "அவர் வந்தால் நான் வரேல்லை" என்று முதலே சொல்லிவிடுவார்கள்.

கடைசியில் எல்லாரும் சேருவது செத்தவீட்டில். அதற்குத்தான் அழைப்பு இல்லை. கேள்விப்பட்டால் போகவேண்டியதுதான். பாரிசிலும் ஸ்காபரோவிலும் இருப்பவர்கள் நேரலையில் பார்த்து அழுவார்கள். ஆனால் யாரைப் பார்க்க வந்தோமோ அவர் எங்களைப் பார்க்கமாட்டார். எனக்கு இது ஆறவே இல்லை.

உயிரோடு இருக்கும்போதும் அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் கூட ஒரு நாள் வேண்டும். அந்த நாள் எங்கள் கையிலேயே இருக்கிறது: முல்லைத்தீவில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். வைகாசியில் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமை. பாக்குச் சேர்க்கும் பாக்குத்தெண்டல், கடலில் தீர்த்தமெடுத்தல், முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரித்தல், பிறகு நந்திக்கடலோரம் அம்மன் வாசலில் பொங்கல் என்று முதலே நாள் குறித்து நடப்பது. யாரும் யாருக்கும் காட் கொடுப்பதில்லை. அதனால் ரோசப்படவும் இடமில்லை.

அந்த வெளியில் நடப்பது வேறு எங்கும் நடக்காது. எங்கள் பெரியப்பாவும் சித்தப்பாவும் வயல் விசயத்தில் நெடுநாளாகக் கதையில்லை. ஒரு பொங்கலில் அம்மாவின் பானை பொங்காமல் நின்றது. விறகு ஈரம், ஒரே புகை. பக்கத்து அடுப்பில் நின்ற சித்தப்பா தன் கட்டில் இருந்து நாலு காய்ந்த கொக்கறையை உருவிக்கொண்டு வந்து செருகினார். எதிரே குந்தியிருந்த பெரியப்பா ஊதத் தொடங்கினார். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர், புகையோ என்னவோ. "பால் எழும்புது, மூடியை எடு" என்றார் பெரியப்பா. காணி இன்னும் தீரவில்லை, உண்மை. ஆனால் இப்போது ஒருவர் வருத்தமாகக் கிடந்தால் மற்றவர் சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்க்கிறார்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வைகாசியில் எப்படி வருவது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பார்கள். நியாயம். அவர்களுக்கு ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழா இருக்கிறது. எங்கள் வேத (கத்தோலிக்க) உறவுகள் குடும்பம் குடும்பமாக மரங்களுக்குக் கீழே நாட்கணக்கில் தங்கிச் சமைப்பார்கள், சைவக்காரரும் போவோம். லீவில் வந்து நல்லூர்த் தேரைப் பார்த்துவிட்டு ஏ9 வீதியால் திரும்பும்போது வன்னியைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு போகாதீர்கள். மச்சான் மச்சாள் யார் என்றே தெரியாமல் உங்கள் பிள்ளைகள் வளருகிறார்கள். குழுவில் வருகிற காலை வணக்கப் படங்களால் அது தெரியவராது. ஒரு சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டால் ஒரே நாளில் தெரியும்.

ஆகவே இந்த வைகாசிக்கு நான் யாருக்கும் போன் எடுத்துச் சொல்லப்போவதில்லை. அரிசியும் பயறும் சர்க்கரையும் எங்கள் வீட்டில் இருந்து வரும். பலாப்பழமும் கொண்டுவருவோம். காய்ந்த விறகும் பாயும் கொண்டு வாருங்கள். யாரோடு கோபமோ அவரும் வருவார். வாருங்கள்.