அந்தப் பசங்கள யாரு கேட்டா?
மதக் கட்டுப்பாட்ட இறுக்கமா கடைப்பிடிக்கற ஹசிடிக் யூதப் பிரிவோட பள்ளிகள்ல பெத்தவங்க விரும்பித்தானே பசங்கள சேக்கறாங்க, அரசாங்கம் ஏன் தலையிடணும்னு கட்டுரையில கேட்டிருக்கீங்க, ஆனா அந்தப் பசங்கள யாரு கேட்டா? நியூயார்க்ல ஹசிடிக் ஆண்பிள்ளைப் பள்ளிகளுக்கு நாலு வருஷத்துல நூறு கோடி டாலருக்கு மேல அரசுப் பணம் போயிருக்குன்னு 2022ல நியூயார்க் டைம்ஸ் எழுதுச்சு, அதுல ஒரு பெரிய பள்ளியில 2019ல ஆயிரத்துக்கும் மேல பசங்க மாநிலத் தேர்வு எழுதி ஒருத்தர்கூட பாஸ் ஆகல. யூத மதச் சட்ட நூலான தால்முத் படிக்கறது லேசான வேலையில்ல, அந்த உழைப்ப மதிக்கறேன், ஆனா நாள் முழுக்க அவங்க வீட்டு மொழியான யிட்டிஷ்லயும் ஹீப்ருலயும் மதப்பாடமே ஓடி, பல பள்ளிகள்ல 13 வயசுக்கு மேல இங்கிலீஷும் கணக்கும் சுத்தமா நின்னுடுது. அதே சமூகத்துல பொண்ணுங்களுக்கு இதெல்லாம் கூடுதலாவே சொல்லிக்குடுக்கறாங்க, அப்போ மதம்தான் தடைன்னு எப்படி சொல்றது? தனியார் பள்ளிகளும் அரசுப் பள்ளிக்கு ஈடா பாடம் நடத்தணும்ங்கற விதிகளோட முழு அமல 2025 மாநில பட்ஜெட்ல 2032-33 கல்வியாண்டு வரைக்கும் தள்ளிட்டாங்க, அப்ப ஆறு வயசுல இருந்தவன் அதுக்குள்ள அந்த 13ஐ தொட்டுருவான்.