தண்ணீரை நிறுத்தினால் சிறுநீர்க் கசிவு நிற்காது

இலங்கை மலையகத்தின் ஹட்டன், பதுளைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "புரஸ்டேட் சத்திரசிகிச்சைக்குப் பின் சிறுநீர் கசிந்தால் தண்ணீர் குடிக்காதீர்கள், மூன்றே நாளில் நின்றுவிடும்." (புரஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி.) இது தவறு. தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து, கடும் மஞ்சளாகி, சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம் கூடும். மலச்சிக்கல் வந்து முக்கினால் கசிவு இன்னும் மோசமாகும். இருதய, சிறுநீரக நோய்க்காக வைத்தியர் அளவு குறித்துக் கொடுத்தவர்களைத் தவிர மற்றவர்கள் வழக்கம்போல் குடிக்க வேண்டும். தோட்டத்து லய வீட்டுக்கு வெளியே கழிப்பறை, இரவில் பனி, வழுக்கும் படி: அந்தப் பயம் புரிகிறது. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து குறைத்துக்கொண்டு, பகலில் ஈடுசெய்யலாம். உண்மையில் குறைக்க வேண்டியது ஓயாமல் குடிக்கும் சாயத் தேநீரை (தேயிலை ஊரில் இதைச் சொன்னால் யார் கேட்பார்கள்!). அதிலுள்ள கஃபீன் சிறுநீர்ப்பையைத் தூண்டிவிடும்.

சத்திரசிகிச்சையின்போது சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாயை (கதீற்றர்) எடுத்தபின் ஏற்படும் கசிவு பெரும்பாலோருக்கு வாரங்களிலும் மாதங்களிலும் படிப்படியாகக் குறைகிறது. சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். வைத்தியர் அனுமதித்ததும் சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைத் தொடங்கலாம். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல் இறுக்கி, சில விநாடி பிடித்து, தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது.

சந்தேகமிருந்தால் கிளினிக் புத்தகத்தோடு போய் சிகிச்சை செய்த பிரிவிலேயே கேளுங்கள். காய்ச்சல், சிறுநீரில் இரத்தக் கட்டி, சிறுநீர் அடியோடு போகாமை என்றால் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.