16-ஆம் தேதி காலையில அந்தக் கொடி எங்கே கிடக்குது?

ஆகஸ்ட் 15 அன்னிக்கு எல்லார் செல்போன்லயும் மூவர்ணம். சட்டையில குத்தின கொடி, பைக் ஹேண்டில்ல கொடி, பிள்ளைங்க கையில கொடி. மறுநாள் விடிஞ்சதும் நம்ம சேலத்துல ஐந்து ரோடு, நாலு ரோடு, பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பாருங்க. டீ கப்பு, வெற்றிலைச் சக்கை, வாழைப்பழத் தோல், அதோட சேர்ந்து அதே கொடி. துப்புரவுப் பணியாளர் தென்னந்துடைப்பத்தால கூட்டி அள்ளிட்டுப் போறாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. முந்தின நாள் அதைக் கையில பிடிச்சு ‘ஜெய்ஹிந்த்’ சொன்னவன்தான் ரோட்டுல விட்டுட்டுப் போனான். வருஷா வருஷம் இதைப் பார்த்து வயிறு எரியுது.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. பிளாஸ்டிக் கொடி விக்கறதே தடை. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல வந்த 14 பொருள் தடைப் பட்டியல்லயே பிளாஸ்டிக் கொடி இருக்கு. நாடு முழுக்க 2022 ஜூலை 1-ல இருந்து தடை. ரெண்டு தடைக்குப் பிறகும் சிக்னல்ல கண்ணாடி வழியா நீட்டுறாங்க, நாமளும் பத்து ரூபாய் கொடுத்து வாங்குறோம். விக்கிறவர் வயித்துப் பாட்டுக்கு விக்கிறார். வாங்குற நமக்கு என்ன வந்தது? காகிதக் கொடியை விசேஷ நாள்ல ஆட்டலாம், இந்தியக் கொடி விதித்தொகுப்பே (Flag Code) அனுமதிக்குது. ஆனா தரையில வீசக்கூடாது, தனியா மரியாதையோட அப்புறப்படுத்தணும்னும் அதே விதி சொல்லுது. ஒரு ஸ்கூல்ல 300 கொடி எண்ணிக் கொடுத்தா, கேட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடி 300 கொடியை எண்ணி வாங்கணும். இதுக்கு ஒரு அட்டைப்பெட்டியும் ஒரு ஆளும் போதும். மிட்டாய் கொடுக்க ஆள் நிக்குது, கொடி வாங்க ஆள் நிக்கறதில்லை.

அடுத்து பைக்கும் காரும். தனியார் கார்ல கம்பு நட்டு தேசியக் கொடி பறக்கவிடுற உரிமை நமக்குக் கிடையாது. குடியரசுத் தலைவர், ஆளுநர், பிரதமர், அமைச்சர்கள், உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகள்னு ஒரு பட்டியல் இருக்கு, அவங்க காருக்கு மட்டும்தான். வண்டியோட பானெட், கூரை, பக்கவாட்டு, பின்பக்கம் எது மேலயும் கொடியைப் போர்த்தவும் கூடாது. ஆசையா இருக்குன்னா வீட்டுல ஏத்துங்க, 2002 ஜனவரி 26-ல இருந்து எல்லா நாளும் ஏத்த உங்களுக்கு உரிமை இருக்கு. ஓமலூர் ரோட்டுல 80 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டி, காத்துல நார் நாராக் கிழிஞ்சு, ஒரு மாசம் கழிச்சும் வெளுத்த கந்தலா ஹேண்டில்ல தொங்குதே, அதுக்குப் பேர் தேசபக்தியா? கிழிஞ்ச கொடியைக் காட்சிக்கு வைக்கறதே விதிப்படி தப்பு.

இப்போ அளவுக்கு வருவோம். இங்கதான் எனக்கு ரொம்பக் கோபம் வருது, ஏன்னா இது நெசவு ஊரு. அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டின்னு தெருத்தெருவாத் தறிச் சத்தம் கேட்ட ஊரு. வேட்டிக் கரையில ஒரு இழை தப்பினாக் கண்டுபிடிக்கிற கண்ணு, கொடியில சக்கரம் முட்டையா இருந்தாக் கண்டுக்க மாட்டேங்குது! நீளம் 3 பங்கு, அகலம் 2 பங்கு. வேற விகிதம் கிடையாது. 6300-க்கு 4200 மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு 150-க்கு 100 வரைக்கும் 9 அளவு. வீட்டு மாடிக்கு 900-க்கு 600 சரியா இருக்கும், ஏறக்குறைய 3 அடிக்கு 2 அடி. அந்த அளவுல ஒவ்வொரு பட்டையும் 200 மில்லிமீட்டர், சக்கரத்தோட விட்டம் 185. அதாவது சக்கரம் காவியையும் தொடாது, பச்சையையும் தொடாது, மேலயும் கீழயும் ஏழரை மில்லிமீட்டர் வெள்ளை தெரியணும். சக்கரத்துல ஆரக்கால் 24. கடையில நின்னே எண்ணலாம்: நேர் மேல ஒண்ணு, நேர் வலப்பக்கம் ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல 5 இருக்கணும். 4 இருந்தா அதை வாங்காதீங்க. பின்பக்கம் திருப்பிப் பாருங்க. சக்கரம் ரெண்டு பக்கமும் அழுத்தமாத் தெரியணும். ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்சு, மறுபக்கம் சாயம் ஊறின நிழல் மாதிரி இருந்தா திருப்பிக் கொடுங்க. கடைக்காரர்கிட்ட ‘அண்ணா, இது அளவு சரியில்லைங்க’ன்னு ஒரு பத்துப் பேர் சொன்னா அடுத்த வருஷம் அவரே பார்த்து எடுப்பார்.

துணி விஷயம். 2021 டிசம்பர் 30-ல விதியைத் திருத்தி பாலியஸ்டர், மெஷின்ல நெய்த துணி எல்லாத்துக்கும் வழி திறந்துட்டாங்க. அதுவரைக்கும் கையால நூத்து கையால நெய்த துணி மட்டும்தான். விலை குறைஞ்சது, வீட்டுக்கு வீடு கொடி வந்தது, அதை மறுக்கலை. ஆனா நூற்புக்கும் தறிக்கும் அடையாளமா இருந்த ஒண்ணை, நூற்பும் தறியும் இல்லாமப் பண்ணினது எனக்கு ஒப்பலை. ராஜாஜி 1925-ல திருச்செங்கோடு புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் தொடங்கி கதர் நூத்தது இந்தப் பழைய சேலம் ஜில்லாவுலதான். அதே ராஜாஜி 1917-ல சேலம் முனிசிபாலிட்டி சேர்மன். 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கின விஜயராகவாச்சாரியார் நம்ம சேலத்துக்காரர். இப்படிப்பட்ட ஊர்ல கதர்க் கொடி கேட்டு வாங்க ஒரு கூட்டம் இருக்க வேண்டாமா?

தமிழனுக்கு நாட்டுப்பற்று இருக்கா இல்லையான்னு வருஷா வருஷம் டிவியில ஒரு சண்டை நடக்குது. திருப்பூர்ல 1932 ஜனவரியில போலீஸ் தடியடியில விழுந்து செத்த குமரன் சென்னிமலை நெசவுக் குடும்பத்துப் பையன். கொடியைக் கைவிடாமச் செத்ததால கொடி காத்த குமரன். சுதந்திர தினத்துல மாநில முதலமைச்சர்கள் கோட்டையில கொடியேத்துற உரிமையைக் கேட்டு வாங்கினது கருணாநிதி, முதல்முதலா ஏத்தினது 1974-ல. இவ்வளவு வரலாறு இருக்கறவங்க யார்கிட்டயும் சர்டிபிகேட் வாங்கத் தேவையில்லை. ஆனா நாமளே நம்ம கொடியைத் தலைகீழா ஏத்திட்டு நின்னா, என்ன பதில் சொல்றது?

தலைகீழா ஏறுறதுக்குக் காரணம் அவசரம். 15-ஆம் தேதி காலை 8 மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்து நின்னதும் கயிறை இழுத்தா கொடி விரியாது. எல்லாரும் அண்ணாந்து பார்க்க, ஒருத்தர் ஏணி தேடுவார். இது எல்லாமே முந்தின நாள் சாயங்காலம் அரை மணி நேர வேலை. கப்பியைப் பாருங்க, துரு ஏறியிருந்தா எண்ணெய் விடுங்க. கயிறு கப்பிச் சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவுல போய்ச் சிக்கும், அதுதான் முக்கால்வாசிச் சிக்கலுக்குக் காரணம். கப்பிக்குக் கயிறு ரொம்ப மெல்லிசா இருந்தா இப்படி ஆகும், கொஞ்சம் தடிமனா மாத்துங்க. கொடியோட கம்பத்துப் பக்க ஓரத்துல தைச்ச வெள்ளை நாடாவுல மேலயும் கீழயும் கயிறு வரும். காவி பக்கத்து முனை மேல போகணும். இதை ராத்திரி டார்ச் வெளிச்சத்துல கட்டாதீங்க, பகல்ல கட்டுங்க.

கட்டின பிறகு கொடியை விசிறி மாதிரி 4 விரல் அகலத்துக்குக் கொசுவி, பறக்கிற முனையில இருந்து கயித்துப் பக்கமாச் சுருட்டணும். கீழ்முனைக் கயிறை அந்தச் சுருள் மேல ரெண்டு சுத்து சுத்தி, கயிறை மடக்கி ஒரு கண்ணியா அந்தச் சுத்துக்குள்ள செருகணும். அவ்வளவுதான். முடிச்சே போடக்கூடாது. ‘கழண்டுடுமோ’ன்னு பயந்து ஒருத்தர் கூடுதலா ஒரு முடிச்சு போடுவார், ராத்திரி மழையில நைலான் கயிறு இறுகிக்கும், காலையில கதை முடிஞ்சது. பூவைக் கொடிக்குள்ள வைக்கலாம், விதி தடுக்கலை. உதிர்ந்த ரோஜா இதழ் ரெண்டு கைப்பிடி, ஈரம் இல்லாம. முழுச் செண்டுமல்லியைத் திணிச்சா காம்பு மடிப்புல மாட்டும், ஈரம் துணியை ஒட்டவைக்கும், கறையும் பிடிக்கும். கம்பத்து உச்சியில மாலை, பூச்சரம் கட்டறது தப்பு.

கயிறு ரெண்டு இழை வரும். ஏத்துற இழையைக் கம்பத்துக் கொக்கியில இறுக்கிக் கட்டிடணும், விரிக்கிற இழையில சிவப்பு நூல் அடையாளம் வைங்க. விருந்தினர் கையில அந்த இழையை மட்டும் கொடுங்க. விரிஞ்சதும் அதையும் இழுத்துக் கட்டணும், தொளதொளன்னு விட்டா கொடி கம்பத்தைச் சுத்திக்கும். ஒரு தடவை முழுசா ஒத்திகை பாருங்க. ஒத்திகை பார்த்த இடத்துல கொடி விரியாம நின்னதில்லை. ஏத்தும்போது விறுவிறுன்னு, இறக்கும்போது மெதுவா. அரைக்கம்பத்துல பறக்கவிடணும்னா முதல்ல உச்சி வரைக்கும் ஏத்திட்டு அப்புறம் பாதிக்கு இறக்கணும். சாயங்காலம் இறக்கறதுக்கு முன்னாடியும் மறுபடி உச்சிக்குக் கொண்டுபோகணும். இதைப் பல ஆபீஸ்ல நேரா பாதிவரைக்கும் ஏத்தி முடிச்சிடறாங்க.

அப்புறம் அக்கம்பக்கம். கட்சிக் கொடி, சங்கக் கொடி, கோயில் கொடி எதையும் இதுக்கு மேலயோ, சரிசமமாப் பக்கத்துலயோ நடக்கூடாது. ஒரே கம்பத்துல ரெண்டு கொடி கூடவே கூடாது. கொடியையே தோரணமா வெட்டிக் கட்டறதும் தடை. சுவத்துல நெட்டுக்குத்தாத் தொங்கவிட்டா பார்க்கிறவங்களுக்கு இடப்பக்கம் காவி வரணும். இந்த ஒண்ணுல மேடை அலங்காரக்காரங்க அடிக்கடி தப்பு பண்றாங்க.

ஏற்காட்டுக்காரங்களுக்குத் தனியாச் சொல்லணும். 2022 ஜூலையில இருந்து வீட்டுல ராத்திரியும் கொடி பறக்கலாம்னு திருத்தம் வந்தது. அதுக்காக மலை மேல ஆகஸ்ட் மழையிலயும் மூடுபனியிலயும் கதர்க் கொடியை வாரக்கணக்குல விடாதீங்க. நனைஞ்ச கதர் கனத்துப் போய்ப் பறக்காது, மடிப்புல பூஞ்சக் கறுப்பு பிடிச்சிடும். இறக்கி நிழல்ல உலர்த்துங்க, நல்லாக் காய்ஞ்ச பிறகு மடிங்க. மடிக்கிற முறை இது: கிடையா விரிச்சு, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில மடக்கி, வெள்ளையை ரெண்டு பக்கமும் உள்ள மடிச்சா சக்கரமும், காவி பச்சையில கொஞ்சமும் மட்டும் தெரியும். ரெண்டு உள்ளங்கையிலயும் ஏந்தி எடுத்து வைக்கணும், தரையில படக்கூடாது.

பறக்கிற முனைதான் முதல்ல நூல் பிரியும். பிரிஞ்சதை ரெண்டு இன்ச் கத்திரிச்சு ஓரம் தைச்சு மறுபடி ஏத்துறாங்க. 900 மில்லிமீட்டர் 850 ஆச்சுன்னா அது 3-க்கு 2 இல்லை, தேசியக் கொடியும் இல்லை. பிரிய ஆரம்பிச்சதும் ஒரு இழை கூட வெட்டாம ஓரத்தை நெருக்கமா இன்னொரு தையல் போட்டா கொஞ்ச நாள் தாங்கும். அதுக்கு மேல போனா ஓய்வு கொடுக்கணும்.

ஓய்வுன்னா குப்பைத் தொட்டி இல்லை, வண்டி துடைக்கிற துணியும் இல்லை. முழுசா, தனி இடத்துல, எரிக்கறதுதான் நல்லதுன்னு விதியே சொல்லுது. கதர் ஒரு பிடி சாம்பலாகும். பாலியஸ்டர் சாம்பலாகாம உருகி, சொட்டி, கறுப்பாக் கட்டி தட்டும், மூச்சை அடைக்கும். புதைச்சா மக்காது. மலிவா வாங்கினப்போ இதை யாரும் யோசிக்கலை. 1971-ல வந்த தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி பொது இடத்துல கொடியை அவமதிச்சா 3 வருஷம் வரைக்கும் ஜெயில். அது ரோட்டுல மிதிபடுற அன்னிக்கு யார் யாரைப் பிடிக்கிறது?

கொடி விக்கிற ஒவ்வொரு கடையும் 15-ஆம் தேதி மத்தியானத்துல இருந்து வாசல்ல ஒரு மூடி போட்ட பெட்டி வைங்க. ஒவ்வொரு வார்டு கவுன்சிலரும் ஒரு பெட்டி வைங்க. 16-ஆம் தேதி சாயங்காலம் எல்லாப் பெட்டியையும் ஒரே வண்டியில எடுத்துட்டுப் போங்க. இந்த ஆகஸ்ட்டுக்கே பண்ணலாம்.